விதையில்லாத் திராட்சைக்குள் நின்றுபோன விதை

தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத் திராட்சை ரகத்தின் பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சதைக்கு நடுவே வெளிறிய, மெத்தென்ற துணுக்கு ஒன்றோ இரண்டோ கிடக்கும். விதையாகத் தொடங்கிப் பாதியில் நின்றவை அவை. இந்த ரகத்தில் மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒழுங்காகவே நடக்கின்றன. பூத்துச் சில வாரங்களில் முளைசூழ்தசை, அதாவது கருவுக்கு ஊட்டம் தரும் திசு, சிதைகிறது, ஊட்டம் இல்லாமல் கரு நின்றுவிடுகிறது, விதையுறை கெட்டிப்படுவதில்லை. கிரேக்கத்தின் பிளாக் கொரிந்த் வேறு வகை: அது கருவுறாமலே காய்க்கும், பழமும் மிகச் சிறியது.

விதையை நிறுத்துவது 18ஆம் குரோமோசோமில் உள்ள ஏஜிஎல்11 மரபணு. விதையுறை உருவாவதை நடத்துவதும் இதுதான். விதையில்லா ரகங்களில் இந்த மரபணுவின் ஓர் எழுத்து மாறியிருக்கிறது; அதனால் இதன் புரதத்தில் 197ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லூசின் இருக்கிறது. 2018இல் வெளிவந்த ஆய்வில் 124 ரகங்களைச் சோதித்தபோது, இந்த மாற்றமும் விதை நின்றுபோகும் குணமும் பிசகாமல் சேர்ந்தே இருந்தன. அதைவிட வலுவான சான்று என்று நான் கருதுவது இன்னொன்று: விதையில்லா மூல ரகத்திலிருந்து மொட்டு மாற்றத்தால் (ஒரு மொட்டில் தானாக நேரும் மரபு மாற்றத்தால்) வந்த, விதையுள்ள கொடிகளில் இந்த ஓர் எழுத்தும் கூடவே மாறியிருந்தது.

குணம் ஓங்கியது; பெற்றோரில் ஒருவரிடமிருந்து மாறிய மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே போதும். பன்னீர் திராட்சையைத் தாயாகவும் தாம்சனைத் தந்தையாகவும் வைத்தால் நாற்றுகளில் ஏறக்குறைய பாதிக்கு அந்தப் பிரதி வரும். தாய்ப்பூவின் தொப்பி (ஒட்டியிருக்கும் இதழ்கள்) கழல்வதற்கு முன்பே அதை மகரந்தப்பைகளோடு நீக்கிவிட வேண்டும். தாமதித்தால் தன்மகரந்தம் விழுந்து விதையுள்ள நாற்றுகள் கூடும், கணக்கு குழம்பும். பிரதி வந்த நாற்றுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வேறு மரபணுக்களும் பருவநிலையும் துணுக்கின் அளவை மாற்றும். சிலவற்றில் அது பல்லில் கடிபடும்.

இரண்டு பெற்றோரும் விதையில்லாதவை என்றால் முக்கால் பங்குக்குப் பிரதி கிடைக்கும். ஆனால் தாயின் விதை முளைக்காதே! 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ராமிங், எமர்ஷாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்கு வழி கண்டார்கள். மகரந்தம் இட்டு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சூல்களை எடுத்து ஊட்டக்கூழில் வளர்த்து, பிறகு கருவைப் பிரித்து முளைக்க வைப்பது. முந்தினால் கரு தாங்காது, பிந்தினால் செத்திருக்கும். சரியான நாள் ரகத்துக்கு ரகம் வேறுபடும். நாற்றின் ஓர் இலையிலேயே அந்த எழுத்தைச் சோதித்துவிடலாம் என்பதால், காய்ப்புக்காக இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்து வேண்டாதவற்றைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை.

விதை இல்லையென்றால் அது சுரக்கும் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் குறையும், பழம் சிறுக்கும். தாம்சன் குலைகளுக்கு ஜிப்ரெலிக் அமிலம் கொடுப்பது இதற்காகத்தான். ஜப்பானில் விதையுள்ள டெலாவேர் ரகத்தையே இப்படி விதையில்லாமல் காய்க்க வைக்கிறார்கள்: பூக்க 14 நாள் முன்பு குலையை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) கரைசலில் முக்குவது, பூத்து 10 நாள் கழித்து மறுபடி 100. பத்து லிட்டருக்கு ஒரு கிராம். தூள் நீரில் எளிதில் கரையாது, முதலில் சிறிது ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். முதல் முறை முக்குவது விதையைத் தடுக்கும், இரண்டாவது பழத்தைப் பெருக்கும். இரண்டாவதை விட்டால் பழம் பொடியாகவே நின்றுவிடும். மரபணுவில் எதுவும் மாறவில்லை. அந்தக் கொடியின் குச்சியை வெட்டி நட்டு மருந்தில்லாமல் விட்டால் விதையோடுதான் காய்க்கும்.