தொப்பென்ற ஓசை

கணீர், கணீர், கணீர். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் ‘தொப்’.

பழைய ஜீப்பின் அடியில் மல்லாந்து படுத்து, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் திருப்புளியை அழுத்தினேன். பளபளவென்றிருந்த கறுப்புப் பூச்சு காய்ந்த சருகுபோல் நொறுங்கியது. ஈரச் சேறும் செதில் செதிலாகத் துருவும் கழுத்தில் கொட்டின.

நீர் வடிவதற்கான துளை அடைந்து கிடந்தது. யாரோ துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூச்சு அடித்திருக்கிறார்கள். உள்ளே தங்கிய ஈரம் இரும்பைத் தின்றுவிட்டது.

கண்ணில் படும் இடத்தை மட்டும் மினுக்குவதைப் பராமரிப்பு என்கிறோம். கோபம்தான் வருகிறது.

நண்பர்கள் கேட்பதோ வேகத்தை. ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியரைப் பொருத்தலாம்; அதே வேகத்தில் எஞ்சின் குறைவாகச் சுழலும், இரைச்சல் அடங்கும். ஆனால் பெட்டி போன்ற இந்த உடல் காற்றை முட்டித்தான் நகர வேண்டும். வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்கு. அதை வெல்ல எஞ்சின் தர வேண்டிய திறன் 8 மடங்கு. அத்தனையையும் தாங்க வேண்டியது இந்தச் சேஸிஸ். நிறுத்த வேண்டியது பழைய டிரம் பிரேக்.

வேகம் காத்திருக்கட்டும்.

அரித்த பகுதியை வெட்டி, புது இரும்பைப் பற்றவைக்க வேண்டும். பிறகு துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான துத்தநாக பிரைமர். கடைசியில், குழலை உள்ளே விட்டு மெழுகு பீய்ச்ச வேண்டும். கை எட்டாத மூலைகளுக்கு அதுதான் காப்பு.

இன்று துளையைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். பழுப்பு நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.