ஏஜன்டின் பில்லோடு ஏழு கிழமை

லண்டன் ஹரோவில் பதினான்கு வருடம் இருந்த எங்கள் வீட்டை 480,000 பவுணுக்கு விற்றோம். விற்றுத் தந்த வீட்டு ஏஜன்டின் கொமிஷன் 1.5 வீதம், அதாவது 7,200. அதன் மேல் 20 வீத வற் வரி 1,440. மொத்தம் 8,640 பவுண். பில்லைப் பார்த்த இரவு இருந்த கோபத்தில், ஒரு சதமும் தரமாட்டேன் என்று மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தேன். நல்ல காலம், அனுப்பவில்லை.

ஜனவரியில் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டோம். 16 கிழமைக்கு ‘சோல் ஏஜன்சி’, அதாவது அதுவரை வேறு ஏஜன்டிடம் கொடுக்கக் கூடாது. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம் என்று அந்தப் பேப்பரிலேயே இருந்தது. நான் அதை வாசித்தது ஜூனில்.

விளம்பரத்தில் நிலத்தோடு சொந்தமான எங்கள் ஃப்ரீஹோல்ட் வீட்டை, குத்தகைக் காலம் உள்ள லீஸ்ஹோல்ட் என்று போட்டார்கள். நாங்களே கண்டு சொல்லியும் திருத்த ஐந்து நாள் எடுத்தது. இரண்டு சனிக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் நிற்க, ஏஜன்டின் ஆளைக் காணவில்லை. மனைவி அடுப்பிலிருந்த மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, தானே வீட்டைச் சுற்றிக் காட்டினாள். மீன் மணத்தோடு வீடு காட்டினால் எவன் வாங்குவான் என்று அவளுக்கு இன்றும் கவலை.

இதெல்லாம் பெரிதில்லை. மார்ச் 12ஆம் திகதி ஏஜன்டின் கிளையிலிருந்து தொலைபேசி எடுத்து, ஒரு தம்பதி 492,000 பவுண் தரத் தயார் என்றார்கள். அடுத்த நாள் சம்மதம் சொன்னேன். அதற்குள் அந்தத் தம்பதி வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் அந்த விலைக்கு எப்போது கேட்டார்கள் என்று விசாரித்தேன், ‘அண்மையில்தான்’ என்றது கிளை. கடைசியில் வேறு ஒருவர் 480,000க்கு வாங்கினார். அவரையும் அதே ஏஜன்ட்தான் கூட்டி வந்தது.

வேலையிடத்தில் கொக்குவில் அண்ணர் ஒருவர் இருக்கிறார், கணக்காளர். பில்லையும் ஒப்பந்தத்தையும் காட்டினேன். வாசித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, அவன் ஒழுங்கா வேலை செய்தவனோ எண்டு முதல் கேக்காதையும். வாங்கினவரை ஆர் கொண்டு வந்தது எண்டு கேளும். அவன்தான் எண்டால் கொமிஷன் அவன்ர. எவ்வளவு குறைக்கலாம் எண்டதுதான் உம்மட சண்டை.”

என் தலையில் விழுந்த குட்டு அது. ‘சோல் ஏஜன்சி’யில் நானாக ஒரு சொந்தக்காரருக்கு விற்றிருந்தால் கொமிஷன் இல்லை. ‘சோல் செலிங் ரைட்ஸ்’ என்று எழுதியிருந்தால் அதற்கும் கட்ட வேண்டும். இரண்டு சொல்தான் வித்தியாசம். ஆனால் ஏஜன்ட் கூட்டி வந்தவர் வாங்கிய பிறகு, சேவை மோசம் என்பதற்காக முழுப் பில்லையும் மறுத்தால் அவர்கள் கவுன்டி கோர்ட்டுக்குப் போகலாம், வட்டியும் கேட்கலாம்.

அடுத்தது சொலிசிட்டர், வீட்டு விற்பனையின் சட்ட வேலையைப் பார்க்கிற சட்டத்தரணி. இங்கே ஏஜன்டின் பில் பெரும்பாலும் நேரே சொலிசிட்டரிடம் போகும், விற்ற காசிலிருந்து கழித்துக் கொடுத்துவிடுவார். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பது வேறு வேதனை. அதனால் சாவி கைமாற இரண்டு கிழமை இருக்கும்போதே, என் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஏஜன்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எழுதினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ஏஜன்டின் ஒப்பந்தத்தில் இதற்கு ஏற்கெனவே அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்பது. சிலவற்றில் அப்படி ஒரு வரி இருக்குமாம். எங்களுடையதில் இல்லை.

அதே நாள் கிளை மனேஜருக்கு ‘முறையான புகார்’ என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் எழுதினேன். கோபம் இல்லை, அடைமொழி இல்லை. திகதி, நடந்தது, என்னிடமுள்ள ஆதாரம், அவ்வளவுதான். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், இல்லையென்றால் விலையைக் குறைக்கக் கேட்கலாம் என்று ஒரு வரி. சர்ச்சை இல்லாத பகுதி என்று அந்த 1.5இல் 1 வீதத்தையும் அதன் வற் வரியையும் சேர்த்து 5,760 பவுணை, வீடு கைமாறிய அன்றே கட்டிவிட்டேன். பணம் தராத ஆள் என்று என்னை இனி யாரும் சொல்ல முடியாது.

கூடவே இன்னொரு கடிதம்: என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் பதிவுகள் அத்தனையும் தாருங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எவரும் கேட்கலாம். காசில்லை, வழமையாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

மூன்றாம் கிழமை கிளையிடமிருந்து பதில் வந்தது. ‘நல்லெண்ணமாக’ 300 பவுண்.

ஐந்தாம் கிழமை பதிவுகள் வந்தன, 61 பக்கம். இரவு இருந்து வாசித்தேன். மார்ச் 3 என்ற திகதிக்குக் கீழே அந்த 492,000 இருந்தது. எங்களுக்குச் சொன்னது 12ஆம் திகதி. ஒன்பது நாள்! இரண்டு பக்கம் தள்ளி, நான் தொலைபேசி எடுத்ததைப் பற்றி ஒரு குறிப்பு: ‘விற்பவர் மறுபடியும் நச்சரிக்கிறார்’. அதை வாசித்ததும் மனைவி சிரித்துவிட்டாள். அது ஒன்றுதான் அந்த 61 பக்கத்திலும் உண்மை என்றாள்.

வந்த ஓஃபரை உடனே, எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1991 முதல் ஏஜன்டுகளுக்கான விதி. அந்தப் பக்கத்தை இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். போன 12,000 பவுணையும் கேட்கலாமா என்று அண்ணரிடம் கேட்டேன். “இங்கிலாந்தில ஒப்பந்தம் கைமாறி எக்ஸ்சேஞ்ச் ஆகுமட்டும் ஆரும் விலகலாம். அந்த ஆக்கள் கட்டாயம் வாங்கியிருப்பினம் எண்டு எப்பிடிக் காட்டுவீர்?” என்றார். விட்டுவிட்டேன். எட்டுக் கிழமைக்குள் முடிவான பதில் வராவிட்டாலோ, வந்தது சரியில்லாவிட்டாலோ, புகார்களை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனிடம் போவேன் என்று மட்டும் எழுதினேன். இங்கே வீட்டு ஏஜன்டுகள் இப்படியொரு குறைதீர்ப்புத் திட்டத்தில் சேர்ந்திருப்பது கட்டாயம். நமக்கு அது இலவசம்.

ஏழாம் கிழமை கடைசிக் கடிதம்: கொமிஷனில் 1,500 பவுண் குறைக்கிறோம், வற் வரியோடு 1,800. ஒம்புட்ஸ்மனிடம் போனால் இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். அதற்கு இன்னும் எத்தனை மாதம் காத்திருப்பது? மிச்சம் 1,080 பவுணைக் கட்டி முடித்தேன்.

போன ஞாயிறு பழைய பக்கத்து வீட்டு அம்மா தொலைபேசி எடுத்தா. விற்று முடிந்து 14 நாளில் கழற்ற வேண்டிய ஏஜன்டின் பலகை இன்னும் அந்த முற்றத்தில் நிற்கிறதாம், காற்றுக்கு இரவில் தடதடவென்று அடிக்கிறதாம். யாருக்கு எழுதுவது என்று கேட்டா. கிளைக்கு எழுத வேண்டாம், நேரே கவுன்சிலுக்கு எழுதுங்கோ, படம் எடுத்து, திகதியையும் போடுங்கோ என்றேன்.