குணசேகரனுக்கு முந்தைய மாரிமுத்து

2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலை, சென்னையில் ‘எதிர்நீச்சல்’ தொலைக்காட்சித் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த, அதில் குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்துவுக்கு உடல்நலம் குன்றியது. மருத்துவமனைக்குச் சென்றவர் மாரடைப்பால் காலமானார். செய்தி பரவிய அன்று, எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னவர்களைவிட ‘குணசேகரன் போயிட்டாராமே’ என்று சொன்னவர்களே அதிகம். ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாதுதான். ஆயினும், அந்தப் பாத்திரத்துக்கு அவர் வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதும், அந்த ஆண்டுகளின் உழைப்பும் வாசிப்பும்தான் குணசேகரனை உருவாக்கின என்பதும் பேசப்படாமலே போய்விடுகின்றன. அதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி என்ற சிற்றூரில் பிறந்தவர் மாரிமுத்து. இயக்குநராக வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் 1990இல் ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்தார். பிழைப்புக்கு ஓட்டல்களில் சர்வராக வேலை பார்த்தார். இலக்கியத்தின் மீது அவருக்கு இருந்த ஈடுபாடு, அதே தேனி மண்ணிலிருந்து வந்த கவிஞர் வைரமுத்துவிடம் அவரைக் கொண்டு சேர்த்தது. கவிஞர் சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளராக இருந்தவர் அவர். தமிழைக் காதால் கேட்டு, அதன் ஏற்ற இறக்கம் சிதையாமல் தாளில் இறக்கும் அந்தப் பயிற்சியைப் பிற்காலத்தில் அவருடைய வசன உச்சரிப்பில் நான் கேட்டிருக்கிறேன். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்த வேண்டும், எந்தச் சொல்லை விழுங்கிவிட்டுப் போகலாம் என்பது அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

பிறகு ராஜ்கிரணின் ‘அரண்மனைக் கிளி’ (1993), ‘எல்லாமே என் ராசாதான்’ (1995) படங்களில் உதவி இயக்குநரானார். அடுத்தடுத்து மணிரத்னம், வசந்த், சீமான், எஸ். ஜே. சூர்யா ஆகியோரிடமும் பணியாற்றினார். ஊரிலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்துத்தான், 2008இல், பிரசன்னாவும் உதயதாராவும் நடித்த ‘கண்ணும் கண்ணும்’ அவருடைய முதல் படமாக வெளிவந்தது. அடுத்த படமான ‘புலிவால்’ வருவதற்கு 2014 ஆகிவிட்டது. அது மலையாளத்தில் வந்த ‘சாப்பா குரிசு’ படத்தின் தழுவல். தாம் ஏங்கிய நாற்காலியில் அவர் அமர்ந்தது இரண்டே முறைதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நடிப்பு பக்கவாட்டு வழியாகத்தான் வந்தது. மிஷ்கின் தம்முடைய ‘யுத்தம் செய்’ (2011) படத்தில் அவருக்கு ஒரு காவல்துறை அதிகாரி வேடம் கொடுத்தார். அதன் பிறகு போலீஸ்காரராக, அப்பாவாக, ஊர்ப் பெரிய மனிதராக அவர் பல படங்களில் வந்துபோனார். அவற்றுள் ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில், நாயகன் பரியனுடன் படிக்கும் ஜோவின் தந்தை அவர். கல்யாண மண்டபத்தில் உறவுக்காரர்கள் பரியனை அறைக்குள் அடைத்து அடித்து அவமானப்படுத்திய பிறகு அவர் உள்ளே வருகிறார். அவர் பரியனை மிரட்டுவதில்லை, கெஞ்சுகிறார். உன்னைக் கொன்றுவிடுவார்கள், என் மகளையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்கள் என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் பயம் உண்மையானது, மகள் மீதான பாசம் உண்மையானது, சாதியை விட்டுக்கொடுக்க மனம் வராததும் அதே அளவு உண்மையானது. மூன்றையும் ஒரே முகத்தில் வைத்திருந்தார். சாதியின் கொடுமையைக் கத்தியும் அரிவாளும் இல்லாமல் ஒரு நல்ல மனிதரின் இயலாமையாகக் காட்டிய அந்தக் காட்சியை, தமிழ்த் திரையின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

2022 பிப்ரவரியில் சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியது. ‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வமே இதற்கும் இயக்குநர். படித்துப் பட்டம் பெற்ற பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து சமையலறைக்குள் அடைத்து வைத்திருக்கும் ஒரு மதுரைக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஆதி குணசேகரன். தொடர் வில்லன்கள் வழக்கமாகக் கண்ணை உருட்டுவார்கள், பின்னணி இசை அதிரும், முகத்தை மூன்று முறை காட்டுவார்கள். மாரிமுத்துவின் குணசேகரனுக்கு அந்த இசையே தேவைப்படவில்லை. சோபாவில் சாய்ந்தபடி, எதிரே நிற்பவரைப் பாராமல், நக்கலாக இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டே வந்து, எதிர்பாராத இடத்தில் குரலை உயர்த்தி ‘இந்தாம்மா ஏய்’ என்று வெடிப்பார். தென்மாவட்டப் பேச்சை அவர் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சில் ஒரு ஆண் எப்படித் தன் அதிகாரத்தைச் சிரிப்புக்குள் ஒளித்து வைப்பான் என்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர் போல நடித்தார்.

செல்லூரில் இருக்கும் என் பெரியம்மா, இரவு ஒன்பதரை மணிக்கு அந்த முகம் திரையில் வந்ததும் வாய்விட்டுத் திட்டத் தொடங்கிவிடுவார். ஆனால் குடும்பச் சொத்தில் அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கு கைவிட்டுப் போய்க் குணசேகரன் நிலைகுலைந்து நின்ற நாள்களில், ‘நம்ம வீட்டு ஆளுகளும் இப்படித்தான டா முழிச்சாங்க’ என்று என்னிடம் சொன்னார். அவர் யாரை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். பெரியம்மாவைப் போன்ற எத்தனையோ பெண்கள், தங்கள் வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத ஒருவரைத் திரையில் அடையாளம் கண்டு, பயமில்லாமல் பார்த்துச் சிரிக்கவும் திட்டவும் அந்த நடிப்பு இடம் கொடுத்தது. டிஆர்பி பட்டியலின் உச்சிக்கு அந்தத் தொடர் ஏறியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

தொடர் நடிப்பைத் திரைப்பட நடிப்புக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுகிறவர்கள், அதன் வேலை முறையைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஆறு பகுதிகள் வேண்டும்; படப்பிடிப்பில் ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்துத் தள்ளுவார்கள். அதோடு முடிவதில்லை. டப்பிங் தியேட்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்தபடி, எதிரே யாரும் இல்லாத ஒரு மைக்கின் முன்னால், அன்றைக்கு வந்த அதே கோபத்தை மறுபடியும் உடம்பில் வரவழைக்க வேண்டும். மூச்சு இரைக்கும் இடத்தில் உண்மையாகவே மூச்சு இரைக்க வேண்டும். பல தொடர்களில் முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது. குணசேகரனின் குரலை மாரிமுத்துவிடமிருந்து பிரித்திருந்தால் அந்தப் பாத்திரத்தில் பாதிகூட மிஞ்சியிருக்காது.

திரையில் அப்படிப்பட்ட பழமைவாதியாக வந்தவர், வெளியில் பகுத்தறிவுப் பார்வையுடன் வெளிப்படையாகப் பேசுபவர். மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஜீ தமிழின் ‘தமிழா தமிழா’ நிகழ்ச்சியில் ஜோதிடர்களுக்கு எதிராக அவர் வைத்த வாதங்கள் பெரும் விவாதமாயின. ஏச்சும் பேச்சும் வந்தன. ஒரு தொடரின் புகழில் இருக்கும் நடிகர், அந்தப் புகழைத் தரும் பார்வையாளர்களில் பலர் நம்பும் ஒன்றை மறுத்துப் பேசத் துணிவது எளிதன்று. 2023 ஆகஸ்டில் ரஜினிகாந்தின் ‘ஜெயிலர்’ வெளியாகி, அதில் வில்லனின் கூட்டாளியாக அவர் வந்த காட்சிகளுக்கு அரங்குகளில் கைதட்டல் கிடைத்தது. நாடு முழுவதும் தன் முகம் போய்ச் சேர்ந்ததை அவர் பார்த்தது ஏறக்குறைய ஒரு மாத காலம்தான். உடல் பசுமலைத்தேரிக்கே திரும்பியது.

தொடர் நிற்கவில்லை. எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். ஒப்பிட்டுப் பேசியவர்கள் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழிக்காரரான அவருடைய குணசேகரன் கனத்த குரலும் இறுகிய முகமும் கொண்டவர், பேசுவதற்கு முன்பே எதிராளியை நடுங்க வைப்பவர். மாரிமுத்துவின் நக்கல் அவரிடம் இல்லை, அதை அவர் முயன்று பார்க்காததே சரி.