எந்த வழியாகக் குறைந்தால் என்ன, சார்?

வால் துவண்டால் ஒன்று, பின்னங்கால் இரண்டும் விழுந்தால் மூன்று. ஈ.ஏ.ஈ. எலிகளுக்கு, அதாவது மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் போல எதிர்ப்புச் சக்தியே நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோயை வரவழைத்த எலிகளுக்கு, மதிப்பெண் போடுவது அப்படித்தான். பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினைத் தடுக்கும் ஆன்டிபாடி போட்ட குழுவில் பெரும்பாலானவை ஒன்றைத் தாண்டவில்லை. ஐசோடைப் கன்ட்ரோல் குழு, அதாவது லெப்டினைத் தொடாத அதே வகை ஆன்டிபாடி போட்ட குழு, மூன்றில் கிடந்தது. அதை வைத்து, லெப்டின், எதிர்ப்புச் சக்தியின் டி செல்களை நேரடியாகத் தூண்டுகிறது என்று கட்டுரையில் எழுதிக்கொண்டு வந்தார் என் மாணவி. அப்படி எழுத விடமாட்டேன் என்றேன்.

காரணம் சாதாரணமானது. லெப்டினைத் தடுத்தால் எலி முதலில் நிறையத் தின்னும், எடை போடும். லெப்டினே இல்லாத ஓபி எலிகளின் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் ஏறியிருக்கும், டி செல்கள் முதிரும் தைமஸ் சுருங்கியிருக்கும். ஸ்டீராய்டு ஏறினால் வீக்கம் தணியத்தானே செய்யும்? ஆன்டிபாடி டி செல்லைத் தொட்டதா, மூளை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததா என்று எப்படிச் சொல்வது? அளந்து கொடுத்த தீனியோடு இன்னொரு குழு வை என்றேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. டி செல்லிலேயே லெப்டின் ரிசெப்டர் இருக்கிறதே, 2007-இல் மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் மனித ரெகுலேட்டரி டி செல்களை வைத்துச் செய்த வேலையில், லெப்டினைத் தடுத்ததும் அவை சோதனைத் தட்டிலேயே பெருகினவே என்றார். தட்டில் பசியை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் கிடையாது என்றேன். அதுவரை நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. “ஆன்டிபாடி போட்ட எலிக்குப் பசி அடங்காது. அதற்குத் தீனியையும் அளந்து போட்டால் அது பட்டினி எலிதானே, சார்? பட்டினியே டி செல்லை மந்தப்படுத்தும் என்று 1998-இலேயே காட்டிவிட்டார்கள். உங்கள் கன்ட்ரோலை வைத்து நான் எதைப் பிரிப்பது?” கொஞ்சம் விட்டு, “மருந்து போகப்போவது முழு உடம்புக்குள். நோய் எந்த வழியாகக் குறைந்தால் என்ன?”

நான் ஏதோ சொன்னேன். மருந்தாகச் செய்த லெப்டினான மெட்ரெலெப்டினைக் காட்டினேன் என்று நினைவு. உடம்பில் கொழுப்புத் திசு இல்லாமல் போகும் லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகளுக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. அதை எடுத்துக்கொள்பவர்களின் உடம்பே லெப்டினை முடக்கும் ஆன்டிபாடியை உருவாக்கிவிடலாம், கடுமையான தொற்று வரலாம் என்று பெட்டி கட்டிய எச்சரிக்கையே அதற்கு உண்டு. அதனால் வழி முக்கியம் என்றேன். இப்போது யோசித்தால் அது அவர் கேள்விக்குப் பதிலே இல்லை. லெப்டினைத் தடுத்தால் ஆபத்து என்பதற்குத்தான் அது சாட்சி. எந்த வழியாக என்பதற்கு அல்ல.

ஆனாலும் நான் கேட்டது தப்பென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. டி செல் வழிதான் என்றால், மூளைக்குள் எளிதில் நுழையாத நானோபாடி என்ற சின்ன ஆன்டிபாடித் துண்டால் பசியைக் கிளறாமல் நோயை மட்டும் அடக்கப் பார்க்கலாம். ஸ்டீராய்டு வழி என்றால் இத்தனை பாடு எதற்கு? டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. இந்தப் பதிலை அன்றே சொல்லியிருக்கலாம். நேரத்துக்கு வாயில் வரவில்லை. அது இப்போது தோன்றிய நியாயமோ என்றும் அவ்வப்போது சந்தேகம்.

கடைசியில் தீனி அளந்த குழுவையும் வைத்தோம், கார்ட்டிகோஸ்டிரோனையும் பார்த்தோம். இரண்டு பக்கமும் சாய்க்கக்கூடிய முடிவு. “நேரடிப் பங்கும் இருக்கக்கூடும்” என்று எழுதி அனுப்பினோம். பத்திரிகையின் மதிப்பீட்டாளர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐசோடைப் கன்ட்ரோல் எந்த கம்பெனியில் வாங்கியது என்று மட்டும் கேட்டார்கள்.