வாகரைப் பக்கத்து நாட்கள்

செப்டெம்பர் 2, 2025

இந்தியாவில் அகதி முகாமில் பிறந்த ஒரு பிள்ளையின் இலங்கைக் குடியுரிமையைப் பதிய விண்ணப்பித்தோம். பதில் கடிதம் இன்னும் வரவில்லை.

செப்டெம்பர் 5

கதிரவெளியில், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குச் சட்டம் விளக்கும் கூட்டம். நான் பேசும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வருகிறார்கள். இன்று எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். மே மாதம் பலாலி விமான நிலையத்தில், ஐ.நா. அகதிகள் ஆணையகத்தின் உதவியோடு திரும்பி வந்த முதியவரைக் கைது செய்தார்களே, எங்களையும் பிடிப்பார்களா?

அவர் வெளியே வந்துவிட்டார் என்று சொன்னேன். “மகள், நாங்க 90இல தோணியில போனது குற்றமா?” என்று ஒரு பெத்தா கேட்டார். பாஸ்போட் எடுத்துக்கொண்டு போகிற காலமா அது? உயிர் தப்ப ஓடியவர்களைக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது அநியாயம். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

செப்டெம்பர் 9

கடிதத்துக்குக் காத்திருக்கும் அந்தப் பிள்ளையின் விஷயம் மண்டையை விட்டுப் போகவில்லை. பதினாறு வயது. பதினைந்திலேயே அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

“இந்தியாவில பிறந்த பிள்ளைதானே மிஸ், அங்க குடியுரிமை இருக்கும்தானே?” என்று தாய் கேட்கிறார். முகாமில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். 1987 ஜூலை 1க்குப் பிறகு அங்கே பிறந்ததை மட்டும் வைத்து இந்தியக் குடியுரிமை கிடைக்காது. இங்கேயும் தானாக வந்துவிடாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பதிய வேண்டும். பதியும் வரை இரண்டு நாட்டிலும் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் தாமதத்துக்குக் காரணம் காட்டியும் பதியலாம். அந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

தகப்பன் இவர்களோடு வரவில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, கலியாணப் பதிவு இல்லை. அதனால் ஒன்றும் கிடைக்காது என்று யாரோ சொல்ல, தாய் இரண்டு வருடம் பேசாமல் இருந்திருக்கிறார். அந்தச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையர் என்றாலே போதும். இதை முகாமிலேயே ஒருவர் சொல்லியிருந்தால், சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துவிட்டே வந்திருப்பார்.

செப்டெம்பர் 10

தமிழ்நாட்டுச் சான்றிதழில் தாயின் பெயர் ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி கொடுத்தோம். அது போதுமா?

செப்டெம்பர் 16

நித்திரை வரவில்லை. எழுத்து, எழுத்து.

செப்டெம்பர் 21

பனிச்சங்கேணி. இன்று முழுக்க, இவர்கள் ஊரில் இல்லாத காலத்தில் மற்றவர்கள் பிடித்த காணிகளின் பிரச்சினைதான். “பத்து வருஷம் ஆண்டா காணி அவனுக்குத்தானே, மறுகா எங்களுக்கு என்ன இருக்கு?” என்று ஒரு ஐயா சண்டைக்கே வந்துவிட்டார். உறுதி எழுதிய தனியார் காணிக்கும் அரசு பெர்மிட்டில் கொடுத்த காணிக்கும் ஒரே சட்டம் இல்லை, அரச காணியை எத்தனை வருடம் ஆண்டாலும் அந்த வழியில் சொந்தமாகாது என்று விளங்கப்படுத்தினேன். அவர் ஆறிப்போய் உட்கார்ந்து பெர்மிட்டை எடுத்துக் காட்டினார். கறையான் தின்றது போக மிச்சம் பாதி. ஆனால் இலக்கம் இருந்தது! பிரதேச செயலகத்தில் பதிவைத் தேட அது உதவும்.

செப்டெம்பர் 27

கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ஓர் அக்கா போன் எடுத்தார், வரப்போகிறார்களாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், முகாம் அட்டை, ஒன்றையும் எறிய வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பெயரை எழுத்து எழுத்தாகப் பார்க்கச் சொன்னேன். வருகிறவர்களுக்கு இங்கே கூட்டம் வைப்பதை விட, புறப்படுகிறவர்களுக்கு அங்கே வைக்க வேண்டும்.

ஒக்டோபர் 3

மழை. கூட்டம் இல்லை. கடிதமும் இல்லை.

ஒக்டோபர் 8

கடிதம் வந்துவிட்டது! முழுக்கச் சிங்களம். தாய் போனில் அழுகிறார், நல்லதா கெட்டதா என்றே தெரியாமல். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குத் தமிழில் பதில் தர வேண்டும். அதைக் கேட்டு எழுதத்தான் போகிறேன். முதலில் இதை வாசிக்க ஆள் வேண்டும். வாழைச்சேனையில் ஒருவர் இருக்கிறார், மத்தியான பஸ்ஸில் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.