எச்சரிக்கை துணை மின் நிலையம் வரை போய்ச் சேருகிறதா?

“எரிசக்தி நிறுவனங்களைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்க வாய்ப்புள்ளது. விழிப்புடன் இருக்கவும்.” அரசிடமிருந்து இப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் என்ன செய்வார்? படித்துவிட்டு ஃபைலில் போடுவார். அதே எச்சரிக்கை, எந்த மாடல் கருவி, எந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) பதிப்பு, எந்த போர்ட் (நெட்வொர்க் நுழைவாயில் எண்), தாக்குகிற கம்ப்யூட்டர்களின் எந்த ஐ.பி. முகவரிகள் என்ற விவரத்தோடு வந்தால் அன்றைக்கே நெட்வொர்க் காவலான ஃபயர்வாலில் ஒரு விதி ஏறிவிடும். அரசும் தொழில்துறையும் கைகோர்ப்பதைப் பற்றி எத்தனை மாநாடு போட்டாலும், நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு தாளைத்தான்.

தாள் ஏன் மொட்டையாக வருகிறது? உளவு அமைப்புக்குத் தகவல் கிடைத்த வழி வெளியே தெரிந்துவிடக் கூடாது. அதனால் முழு அறிக்கையும் ரகசியமாகிவிடுகிறது. நிறுவனத்தில் ரகசிய அனுமதி பெற்ற ஓரிருவர் அதைப் படிப்பார்கள். ஆனால் ஃபயர்வாலைத் தொடுகிறவரிடம் அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்காது. இதற்குத் தீர்வு, அறிக்கையை எழுதும்போதே இரண்டாகப் பிரிப்பது. மேல்பாதியில் மூலமும் பின்னணியும். கீழ்ப்பாதியில் தொழில்நுட்ப அடையாளங்கள் மட்டும். கீழ்ப்பாதியைத் தனியே கிழித்துக் கொடுத்துவிடலாம். யாரோடு பகிரலாம் என்பதைச் சிவப்பு, அம்பர் (மஞ்சள்), பச்சை, நிறமற்றது (2022 வரை இது வெள்ளை) என்று நிறத்தால் குறிக்கும் முறையும் உலகெங்கும் இருக்கிறது. சிவப்பு என்றால் அந்த அறையில் இருந்தவர்களோடு சரி. எல்லாவற்றுக்கும் சிவப்பு அடிக்கிற பழக்கம் வந்துவிட்டால் முறையே வீண்.

விவரம் வந்த பிறகும் வேலை உடனே முடியாது என்பதை அரசுத் தரப்பு புரிந்துகொள்ள வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டருக்கு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) போடுவதுபோல, லைனில் கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலேக்குப் போட முடியாது. அந்த லைனை நிறுத்த அனுமதி வேண்டும், தயாரிப்பாளர் சோதித்துத் தந்த ஃபர்ம்வேர் வேண்டும், ஏற்றிய பிறகு ரிலே சரியாக டிரிப் ஆகி லைனைத் துண்டிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். “15 நாளில் பேட்ச் போடு” என்று உத்தரவு போட்டால் காகிதத்தில்தான் பேட்ச் ஏறும். அதுவரைக்குமான மாற்று ஏற்பாட்டையும் எச்சரிக்கையிலேயே எழுதலாம்: தொலைநிலை அணுகலை நிறுத்து, அந்த போர்ட்டை மூடு, ரிலே செட்டிங் மாறினால் அலாரம் வை.

எதிர்த்திசையில், நிறுவனத்திலிருந்து அரசுக்குத் தகவல் போவது இன்னும் சிக்கல். ஒரு தாக்குதலை எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. ஆபரேட்டர் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களை, அதாவது லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சுகளை, திறந்து மின்சாரத்தை நிறுத்தியது. அதோடு விடவில்லை. தொலைவிலிருந்து மீண்டும் மூட முடியாதபடி, துணை மின் நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளின் (கருவிகளை நெட்வொர்க்கோடு இணைப்பவை) ஃபர்ம்வேரையும் அழித்தார்கள். நுகர்வோர் கூப்பிட முடியாதபடி தொலைபேசி மையத்தைப் போலி அழைப்புகளால் நிரப்பினார்கள். ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கரை மூடியதால் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. தானியங்கிமயமாக்கல் என்ற பெயரில் கையால் இயக்கத் தெரிந்தவர்களைக் குறைக்கிற நிறுவனங்கள் இதைக் கவனிக்கட்டும்.

தாக்கியவர்கள் உள்ளே நுழைந்ததோ பல மாதங்களுக்கு முன்பு, மின்னஞ்சலில் வந்த ஆபீஸ் ஃபைல் வழியாக. யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவான லாக்குகளை 30 நாள் மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில் விசாரணைக்குப் போகிறவருக்கு என்ன கிடைக்கும்? எந்தக் கணக்கில் நுழைந்தார்கள் என்ற முதல் வரியே அழிந்திருக்கும். இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022ல் பிறப்பித்த உத்தரவு 180 நாள் லாக் கேட்கிறது. சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதியில் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை, 72 மணி நேரத்தில் விவரம், ஒரு மாதத்தில் இறுதி அறிக்கை. இந்தப் படிப்படியான முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் ஆறு மணி நேரத்தில் யாருக்கும் முழு விவரம் தெரிந்திருக்காது. எப்போது, எந்த இடம், என்ன நின்றது, இன்னும் நடக்கிறதா என்ற நான்கு வரி போதும். இருபது பக்கப் படிவத்தை நீட்டினால், பிரேக்கரைப் பார்க்க வேண்டியவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சொன்னால் அபராதம் விழும் என்ற பயம் வேறு. 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய் நிறுவனமான கொலோனியல் பைப்லைன், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரில் மாட்டியது. நுழைவு வழி, வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் வர உதவும், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு வி.பி.என். கணக்கு; கடவுச்சொல்லைத் தவிர இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது. எஃப்.பி.ஐ.யிடம் சீக்கிரமே சொல்லியிருந்ததால் அடுத்த மாதமே 63.7 பிட்காயின் மீட்கப்பட்டது. சொல்வதால் என்ன லாபம் என்று கேட்கிற நிர்வாகிகளிடம் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இதுவரை கம்ப்யூட்டர் வழித் தாக்குதல். இனி துப்பாக்கி. 2013 ஏப்ரல் 16 அன்று அதிகாலை கலிஃபோர்னியாவின் மெட்காஃப் துணை மின் நிலையத்துக்கு அருகே முதலில் ஃபைபர் கேபிள்களை வெட்டினார்கள், பிறகு சுட்டார்கள். 17 டிரான்ஸ்ஃபார்மர்கள் சேதம். எண்ணெயைக் குளிரவைக்கும் ரேடியேட்டரைக் குண்டு துளைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் உடனே வெடிப்பதில்லை. எண்ணெய் ஒழுகி, சுருள் சூடேறி, பிறகுதான் படுத்துவிடும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற நேரம். எண்ணெய் மட்டம், வெப்பநிலை அலாரங்கள் ஃபைபரை மட்டும் நம்பாமல் இன்னொரு பாதையிலும் வர வேண்டும். கம்பி வேலிக்குப் பதில் உள்ளே பார்க்க முடியாத சுவர் வைத்தாலே குறிபார்ப்பது கடினமாகும்.

இதன் பிறகு 2014ல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் (FERC) நேரடியாக விதி எழுதாமல், 90 நாளில் எழுதித் தரும்படி மின் தொழில்துறையின் நம்பகத்தன்மை அமைப்பிடம் (NERC) கேட்டது. வந்த விதியில் எனக்குப் பிடித்தது ஒன்று: எந்த நிலையம் முக்கியம் என்று நிறுவனமே முடிவு செய்துவிட முடியாது, சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பு அதைச் சரிபார்க்க வேண்டும்.

உதிரி டிரான்ஸ்ஃபார்மரைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தங்களும் உண்டு. இங்கே அடிக்கடி மறக்கப்படுவது போக்குவரத்து. மின்னழுத்தம், இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) எல்லாம் பொருந்தினாலும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் நூறு டன்னுக்கு மேல் கனக்கும்; எண்ணெயை வடித்து, உலர் காற்றோ நைட்ரஜனோ நிரப்பி, தனி வாகனத்தில்தான் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் வெற்றிடத்தில் எண்ணெய் நிரப்பி, சோதித்து முடிக்கப் பல நாள் ஆகும். வழியில் எந்தப் பாலம் அந்த எடையைத் தாங்கும், எந்த இடத்தில் மேலே போகும் கம்பியை இறக்க வேண்டும், இரவில் ஓட்ட அனுமதி கொடுப்பது யார் என்பதெல்லாம் நிறுவனத்தின் கையில் இல்லை. நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும் சேர்ந்து அந்தப் பாதைக்கான அனுமதியை இப்போதே எழுதி, தேதி மட்டும் காலியாக விட்டு, கையெழுத்திட்டு வைக்கலாம். பாலத்தில் பழுது வேலை நடந்தால் பாதையையும் திருத்தி எழுத வேண்டும்.