ட்ரையர் பக்கத்தில் நின்று பார்த்த குளிர்

குளிர் பிடிக்குமா வெயில் பிடிக்குமா என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் குளிர் என்றுதான் சொல்வேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் (எங்கள் ஆட்கள் இன்றைக்கும் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்) 14 வருஷமாக வேலை. அதற்கு முன் 2 வருஷம் கொழும்பில், ஏலத்துக்குப் போகும் தேயிலையை அடுக்கி வைக்கிற களஞ்சியம் ஒன்றில் இருந்தேன். அந்த 2 வருஷம்தான் எனக்குக் குளிரின் அருமையைக் காட்டியது.

கொழும்பில் சித்திரை மாதம் வெப்பமானி 31, 32 பாகைதான் காட்டும். கேட்கிறவருக்கு அது பெரிய கணக்காகத் தெரியாது. ஆனால் கடல் ஈரத்தோடு சேர்ந்த வெக்கை வேறு, தகரக் கூரைக்குக் கீழே மூட்டை எண்ணிக்கொண்டு நிற்கும்போது வியர்வை காயவே காயாது, சட்டை முதுகில் ஒட்டியபடியே சாயங்காலம் ஆகிவிடும். இரவிலும் நிம்மதி இல்லை. லீவு கிடைத்ததும் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் பதுளை மெயிலைப் பிடித்து, நடு இரவு கழிந்து ஹட்டன் தாண்டும்போது ஜன்னல் கம்பியில் கை வைத்தால் சில்லென்று இருக்குமே, அப்போதுதான் எனக்கு மூச்சே வரும். 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகைக்கு மேல் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அந்த ரயிலில் உடம்பால் உணர்ந்தேன். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் நிற்கிறது, கொழும்பில் அது 27ஐத் தாண்டும். ஒரு இரவுப் பயணத்தில் இவ்வளவு வித்தியாசம்.

ஸ்டோருக்கு வேலைக்கு வந்த பிறகு சூடும் குளிரும் எனக்குத் தொழிலாகவே ஆகிவிட்டன. மேல்மாடியில் கொழுந்தை வாட்டப் போடும் தட்டுகள், கீழிருந்து விசிறி காற்றை ஊதும். வெயில் நாள் என்றால் வெளிக்காற்றே போதும். மழை நாளில் நனைந்த கொழுந்து வந்தால் அடுப்பின் சூட்டைக் கலந்து விட வேண்டும். அதற்காக ஈரத்துணி சுற்றியது ஒன்று, சுற்றாதது ஒன்று என்று இரண்டு வெப்பமானிகளைப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் எழுதுவோம். ராத்திரி வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடத் தொடங்கியதும் தூளைப் பரப்பி வைக்கிற அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பச்சைத் தூள் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு நிறத்துக்கு வரும் அந்த இரண்டு, மூன்று மணி நேரம்தான் தேயிலையின் தலைவிதி. தாழ்நாட்டில் வெக்கையால் சட்டென்று சிவந்துவிடும். எங்கள் உயரத்தில் குளிர் அதை நிதானப்படுத்துகிறது. அந்த அறைக்குள் நின்று தூளை அள்ளி முகர்ந்து பார்க்கிற நேரம் எனக்கு மிகவும் பிடித்தது, ஆப்பிள் தோலும் ஈர மண்ணும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அப்புறம் தூளை உலர்த்தும் ட்ரையர், உள்ளே போகிற காற்று 90 பாகைக்கு மேல், இருபது நிமிஷத்தில் தூளின் ஈரம் 3 வீதத்துக்கு இறங்கிவிடும். நடுச்சாமத்தில் வெளியே மூடுபனி இறங்கி மின்விளக்கே தெரியாமல் இருக்கும்போது ட்ரையருக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கோப்பை பிளேன்ரீ (பால் சேர்க்காத தேநீர்) குடிப்பதைப் போல் ஒரு சுகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. எங்கள் டிம்புள்ளப் பகுதிக்கு அதுதான் தரத் தேயிலைக் காலம், ஊவாப் பக்கம் அது கச்சான் என்கிற காய்ந்த காற்றோடு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வரும். பகலில் காய்ந்த காற்று, இரவில் பல் கிட்டும் குளிர், செடி மெதுவாக வளரும், மணம் கொழுந்தில் செறிந்து நிற்கும். நல்ல நாள் என்றால் தேயிலையை ஊற வைத்து இறக்கிய சாயத்தை வாயில் வைத்ததுமே தெரிந்துவிடும். ஏலத்தில் விலையும் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷ ஜனவரியில் இப்படி ஒரு நல்ல சாயம் அமைந்தது. ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயா தோளில் தட்டிக்கொடுத்தார். சந்தோஷத்தோடு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனால் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா அடுப்படியில் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பறிக்க வேண்டிய கிலோ சேரவில்லை, அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்களாம். அந்த வாரத்தில் அது மூன்றாவது நாள். செடி மெதுவாக வளர்ந்தால் மணம் வரும் என்று சொன்னேனே, கொழுந்து குறையும் என்பதும் அதே காரணத்தால்தான். எனக்குத் தட்டிக்கொடுத்த குளிர் அம்மாவின் சம்பளத்தில் கை வைத்திருக்கிறது. இதை அதுவரை சேர்த்து யோசித்ததே இல்லை, ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

“உனக்கென்னப்பா, நீ ட்ரையர் பக்கத்துல நிக்கிற” என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. விரல்களைத் திருப்பித் திருப்பி நெருப்பில் காட்டியபடியே சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போகும் நாட்களில் வேறு கண்ணோடு பார்த்தேன். காலையில் பிரட்டு (ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டம்) முடிந்து போகும்போது செடி முழுக்கப் பனி, இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்து காலோடு ஒட்டும். ஜூன், ஜூலை மழையில் அட்டை வேறு. தலையில் போட்ட கம்பளி மழைநீரைக் குடித்துக் குடித்துக் கனத்துவிடும், அதன் மேல் கூடையின் கயிறு. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்து மலைகளில் தேங்கி உறைபனி விழுந்தால் வெயில் வந்ததும் கொழுந்து கரிப்பிடித்த மாதிரி கறுத்துப் போகும், அந்த மலையில் பல நாளைக்குப் பறிக்கவே ஒன்றும் இருக்காது. இவ்வளவுக்கும் நடுவில், சீசனுக்கு நுவரெலியா வருகிறவர்கள் புதுச் சுவெட்டரோடு தேயிலைச் செடிக்குள் இறங்கிப் படம் எடுப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, கொழும்பு வெக்கையில் இருந்து வந்தவன்தானே நானும். ஆனால் கொழுந்து பறிக்கிற அக்காமாரிடம் “உங்களுக்கு என்ன அருமையான குளிர்” என்று சொல்கிறவர்களைக் கண்டால் மனசு சங்கடப்படும்.

சரி, இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எனக்குக் குளிர் பிடிக்காமல் போய்விடவில்லை. இன்றைக்கும் ஜனவரி வந்தால் மனசு துள்ளுகிறது. செய்ய முடிந்தது ஒன்றைச் செய்தேன், கொழுந்து நிறுக்கிற இடத்தில் குளிர்காலக் காலைகளில் இஞ்சி தட்டிப் போட்ட சுடு தேத்தண்ணி கொடுக்கும்படி கேட்டு ஏற்பாடு செய்தேன். அரைப் பேர் விஷயம் என் கைக்கு எட்டவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்துவிட்டு ஓய்வு எடுத்தபோது என்னோடு குவார்ட்டர்ஸில் இருப்பார் என்று நினைத்தேன். அவர் வவுனியாவுக்குப் போகிறேன் என்றார். 1977 கலவரத்தோடு எத்தனையோ குடும்பங்கள் மலையிலிருந்து வடக்கே வவுனியா இருக்கும் வன்னிப் பக்கம் போனபோது போன குடும்பம் எங்கள் சித்தியுடையது. அந்த வெயில் உனக்கு ஒத்துக்கொள்ளாது அம்மா என்று எவ்வளவோ சொன்னேன். “எனக்கு எந்தக் காலத்துல குளிரு புடிச்சிச்சு” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை, ஏனென்றால் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மே மாதம் பார்க்கப் போனேன். காலை பத்து மணிக்கே முற்றத்து மணல் சுட்டது, நான் விசிறிக்குக் கீழே இருந்து எழும்பவில்லை. அம்மா வெளியே வேப்பமர நிழலைத் தாண்டி, நல்ல வெயிலில், பலகையைப் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முழங்கால் வலி எப்படி என்று கேட்டேன். காலை நீட்டி மடக்கிக் காட்டினார்.